இடது பக்கத்து உப்பு

அண்ணாச்சி தூக்கியது இடது கையா வலது கையா என்பது மறந்துவிட்டது. தூக்கினார் என்பது மட்டும் நிச்சயம். "வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்று பல் எடுக்க மரப்பு ஊசி போடும் முன் எல்லோரிடமும் சொல்வேன், அவரிடமும் சொன்னேன். அவர் தூக்கினார், நான் "அவ்வளவுதான் அண்ணாச்சி, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே மருந்தைத் தள்ளினேன். எதுவும் முடிந்திருக்கவில்லை, மருந்து அப்போதுதான் போக ஆரம்பித்திருந்தது.

அந்த இரண்டு நொடியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. கட்டை விரல் தாடையின் முன்விளிம்புப் பள்ளத்தில், சிரிஞ்ச் எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேல், ஊசி உள்ளே இருபது இருபத்தைந்து மில்லிமீட்டர், எலும்பு தட்டியது, ஒரு இழை பின்வாங்கி இழுத்துப் பார்த்தேன், ரத்தம் வரவில்லை. எல்லாம் பாடப் புத்தகப்படி. ஆனால் எலும்பைத் தொடும் முன்பே அவருக்கு நாக்கு நுனியில் "கரண்ட் அடிச்ச மாதிரி" இருந்ததாம். அது எதனால் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாம் மரக்கவைக்க நினைப்பது கீழ்த்தாடைப் பற்களுக்குப் போகிற இன்ஃபீரியர் ஆல்வியோலர் நரம்பை, அதற்கு முன்னால், சற்று உள்பக்கமாக நாக்குக்கான லிங்குவல் நரம்பு போகிறது, ஊசி அதன் வழியில்தான் நுழைய வேண்டியிருக்கிறது. அப்படி ஷாக் அடித்தால் கொஞ்சம் வெளியே இழுத்து, கோணம் மாற்றி, அப்புறம்தான் மருந்தைச் செலுத்த வேண்டும். நான் இழுத்தேன். எவ்வளவு இழுத்தேன்? ஒரு மில்லிமீட்டர் என்று சில நாள் தோன்றும், மூன்று என்று சில நாள். இழுக்கவே இல்லையோ என்று தோன்றும் நாட்களும் உண்டு.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இது கண்ணால் பார்க்காமல் போடுகிற ஊசி. 1884-ல் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் கொக்கெய்ன் கரைசலை வைத்து இந்தத் தாடை நரம்பை மரக்கவைத்தார். மருந்து மாறிவிட்டது, நாங்கள் இன்னும் அடையாளங்களைத் தடவிக் குத்துமதிப்பாகத்தான் போகிறோம். தினமும் போடுகிற எவர் கையிலும் என்றாவது ஒரு நாள் இது நடக்கும், நடந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். தவிர அது ஊசிதானா என்பதும் தெரியாது. 38-ம் பல், அதாவது இடது கீழ்வரிசையின் கடைசிக் கடைவாய்ப் பல், பாதி எலும்புக்குள் புதைந்து சாய்ந்து கிடந்தது, எலும்பை ராவித்தான் எடுத்தேன். அந்த இடத்தில் லிங்குவல் நரம்பு தாடையின் உள்பக்கச் சுவரை ஒட்டி, ஈறுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. சிலருக்கு எலும்பின் விளிம்புக்கு மேலேயே இருக்கும். உள்பக்கம் நான் கை வைக்கவில்லை. வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எட்டாம் நாள் தையல் பிரிக்க வந்தபோது, "நாக்கு இன்னும் தூங்குதும்மா" என்றார். இடது பக்கம் மட்டும். கடித்துப் புண்ணாக்கியும் வைத்திருந்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு இழையால் தொட்டேன், ப்ரோப் முனையால் லேசாகக் குத்தினேன். வலது பக்கம் உடனே விரலை அசைத்தார், இடது பக்கம் அசைவே இல்லை. அப்புறம் உப்புக் கரைசலை பட்ஸில் நனைத்து இடது ஓரத்தில் தடவினேன். நாக்கை உள்ளே இழுக்காமல் நீட்டியபடியே வைத்திருந்து பதில் சொல்ல வேண்டும், எச்சிலில் கலந்து மறுபக்கம் போய்விட்டால் சோதனை வீண். அவர் நாக்கை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். ஏதோ வரப்போகிறது என்பதுபோல அத்தனை கவனமாக. கடைசியில் பொறுக்க முடியாமல் வாயை மூடினார். "ஆங், உப்பு!" என்றார், முகம் முழுக்கச் சிரிப்பு. சரியான பதில்தான், சோதனை தோற்றுவிட்டது.

அவர் மும்பை லேபர் கேம்பில் இட்லி வியாபாரம் செய்பவர். விடிவதற்குள் அவித்து முடித்து, சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டே சயான், வடாலா என்று போவார். சாம்பாருக்கும் சட்னிக்கும் உப்பு பார்ப்பது அவர் மட்டும்தான், சம்சாரத்தைக்கூட விட மாட்டாராம். இது எனக்கு ஊசி போடும் முன்பே தெரியும். எங்கள் அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே பக்கத்து ஊர், அதனால்தான் அண்ணாச்சி.

"ரெண்டு நாளா சாம்பார்ல உப்பு பிடிபடலம்மா" என்றபோது நான் சொன்ன பதில்தான் இன்னொரு முள். "அண்ணாச்சி, ஒரு பக்கம்தானே, வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு, நாக்கோட பின்பக்கத்துக்கு வேற நரம்பு, அதுவும் வேலை செய்யுது" என்றேன். ஒரு வார்த்தை தப்பில்லை, பின்பக்கம் மூளையிலிருந்து வருகிற ஒன்பதாம் நரம்பின் இலாகா. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சைக்கிள்ல போறவனுக்கு ஒரு காது கேட்டாப் போதுமாம்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோல.

படிக்கும்போது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கீழ்த்தாடைக்கான மாண்டிபுலர் நரம்பைத்தான் எனக்குக் கேட்டார்கள். ஐந்தாவது மூளை நரம்பான டிரைஜெமினலின் மூன்றாவது கிளை, மூன்றில் பெரியது, உணர்ச்சியும் அசைவும் இரண்டும் உண்டு, போரமென் ஓவேல் வழியாக மண்டையோட்டை விட்டு இறங்குகிறது, முன்பிரிவில் பக்கல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மெல்லும் தசைகளுக்கு, பின்பிரிவில் ஆரிகுலோடெம்போரல், லிங்குவல், இன்ஃபீரியர் ஆல்வியோலர். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். லிங்குவலோடு கார்டா டிம்பனி என்ற சுவை நரம்பு வந்து சேருவதையும் சொன்னேன். சுவை உண்மையில் ஏழாவது நரம்பின் சரக்கு. நாக்கிலிருந்து லிங்குவல் வண்டியில் ஏறி, வழியில் இறங்கி, கார்டா டிம்பனியைப் பிடித்து நடுக்காது வழியாக ஏழாவது நரம்பில் போய்ச் சேருகிறது, தாதர் ஸ்டேஷனில் ரயில் லைன் மாறுகிற மாதிரி. தாதருக்கு முன்னாலேயே தண்டவாளம் போனால் இரண்டு லைன் ஆட்களும் மாட்டிக்கொள்வார்கள், தொடுஉணர்ச்சியும் போகும், சுவையும் போகும். இது அத்தனையும் தெரிந்த நான் பல் எடுக்கும் முன் அவரிடம் சொன்னது, "உதடு கொஞ்ச நேரம் மரத்திருக்கும், சூடா எதுவும் குடிக்காதீங்க". நாக்கைப் பற்றிச் சொன்னது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவம், நான்காவது வரியில். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சீனியரிடம் சொன்னேன். "கையெழுத்து இருக்குல்ல, விடு" என்றார். பி12 மாத்திரை எழுதிக்கொடுத்தோம். நரம்புக் காயத்தை 1943-ல் செடன் என்ற சர்ஜன் மூன்று வகையாகப் பிரித்தார், அதில் லேசான வகையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால் நரம்பைத் தைக்கிற சர்ஜனிடம் அனுப்ப வேண்டும் என்பதால், பத்து நாளுக்கு ஒருமுறை வரச்சொல்லி நாக்கில் படம் வரைகிற மாதிரி குறித்துவைத்தேன். பத்தாவது வாரம் ஊசி குத்துகிற மாதிரி உணர்ச்சி வர ஆரம்பித்தது, அப்புறம் தொடுஉணர்ச்சி பெரும்பாலும் வந்துவிட்டது. சுவை "பாதி" என்கிறார். இப்போது மகள்தான் உப்பு பார்க்கிறாள். வியாபாரம் ஒன்றும் குறையவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கேஸ் ஷீட்டில் பல் எடுத்த அன்றைக்கு நான் எழுதியது "அன்ஈவன்ட்ஃபுல்" என்ற ஒரு சொல், குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். அவர் எழுந்து போன ஐந்து நிமிடத்தில் எழுதியது, அப்போது எனக்கு அது பொய்யாகவே படவில்லை. பின்னாளில் தேதி போட்டு நாக்கு மரப்பை எழுதினேன், படங்கள் சேர்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கை தூக்கியதை மட்டும் இன்றுவரை எழுதவில்லை.

இப்போது நாக்கு, சுவை எல்லாம் தமிழிலும் இந்தியிலும் எல்லோருக்கும் விளக்குகிறேன். விளக்கத்தைக் கேட்டு ஒரு பையன் பல்லை எடுக்காமலே எழுந்து போய்விட்டான், பன்னிரண்டு நாள் கழித்து கன்னம் வீங்கி, வாய் ஒரு விரல்கூடத் திறக்காமல் வந்தான். அண்ணாச்சியிடம் விளக்கியிருந்தால் அவரும் எழுந்து போயிருப்பாரா, போயிருந்தால் அவருக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமா, அப்படியானால் நான் சொல்லாமல் விட்டது நல்லதற்குத்தானா? இந்தக் கணக்கு ராத்திரியில் ஒரு மாதிரி வருகிறது, காலையில் ஒரு மாதிரி வருகிறது.

போன வாரம் வந்திருந்தார். இந்த முறை வலது பக்கம். 48, வலது கீழ்வரிசையின் கடைசிப் பல், அதே சாய்வு, மேலே ஈறு மூடி, சோறு போய் அடைந்து லேசாகச் சிவந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் எடுத்துவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"இதையும் எடுக்கணுமாம்மா?"

"வேண்டாம் அண்ணாச்சி, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். சுத்தம் பண்ணி விடுறேன். வெந்நீர்ல உப்புப் போட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை கொப்பளிங்க."

"எவ்வளவு உப்பும்மா?" என்று கேட்டார்.