ஒரு ‘டு’, ஒரு ‘பை’, 13 மதிப்பெண்

மூன்றாவது செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸ் அரியர் விழுந்தது. பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். 13 மதிப்பெண் கணக்கு ஒன்றில் சூத்திரம் சரி, பெருக்கல் வகுத்தல் சரி, விடை மட்டும் தப்பு. தொட்டிக்குள் 500 கிலோபாஸ்கல் அழுத்தம். அது 20 விழுக்காடு குறைகிறது என்பது கேள்வி. மிச்சம் 400 இருக்க வேண்டும். நான் 100 என்று வைத்துக்கொண்டு மூன்று பக்கம் போட்டிருந்தேன். ‘ரெட்யூஸ்டு பை’ என்று இருந்ததை ‘ரெட்யூஸ்டு டு’ என்பதுபோல் படித்திருக்கிறேன். ‘பை’ என்றால் 20 விழுக்காடு குறைந்தது. ‘டு’ என்றால் 20 விழுக்காடாகக் குறைந்தது. தமிழில் ‘ஆக’ செய்கிற வேலை அது. தமிழில் கேட்டிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டேன் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

நான் திருவொற்றியூர். அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருடமும் தமிழ் வழி. 2022-இல், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தது. கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. எங்கள் வீட்டில் முதல் இன்ஜினியர் நான்தான். தகைவு என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது என்று பள்ளியிலேயே தெரியும். கல்லூரி வகுப்பில் அதையே ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்று சொன்னபோது மன அழுத்தம்தான் நினைவுக்கு வந்தது. படித்து முடித்த பாடத்தின் முன்னாலேயே ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் வருட ஆங்கிலத் தாளில் வரையறை எழுதுவது, ஒரு செயல்முறையை விளக்குவது, வழிமுறைகள் எழுதுவது எல்லாம் இருந்தன. எனக்குத் தேவையானதே அவைதான். ஆனால் நான் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்து பாஸாகிவிட்டேன். அந்த வருடத்தை வீணாக்கியதுதான் இன்றும் மனசை உறுத்துகிறது. ஆங்கிலப் படம் பார், பேப்பர் படி என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு மாதம் செய்தேன். பேச்சு கொஞ்சம் புரிந்தது. பாடப் புத்தகம் அப்படியேதான் இருந்தது.

வழி திறந்தது காசிமேட்டில். அம்மாவின் தம்பி, என் மாமா, மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அரியர் விழுந்த விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையேட்டை நீட்டினார். “பாப்பா, இதுல இன்னா போட்டுக்கீதுன்னு கொஞ்சம் படிச்சி சொல்லு.”

சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை முடுக்குவது பற்றிய பக்கம். எனக்குப் பாதிச் சொற்கள் தெரியவில்லை. தெரிந்தவற்றை வைத்துத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். “அட, நடுவுல இருந்து ஆரம்பிச்சி வெளிய வரணும், ஒரே முட்டா டைட் பண்ணாம மூணு தடவையா பண்ணணும், அதான?” என்று கையாலேயே செய்து காட்டினார். அவர் கை போன வரிசைதான் படத்தில் எண் போட்டிருந்தது. வாக்கியம் என்ன சொல்லப்போகிறது என்று முன்பே தெரிந்துவிட்டதால், அது எப்படிச் சொல்கிறது என்பதை மட்டும் நான் பார்த்தால் போதும். அதற்குமுன் பொருளும் புதிது, மொழியும் புதிது என்று இரண்டோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் பட்டறை. ‘ப்ளே’ என்ற சொல்லை விளையாட்டு என்று படித்துக் குழம்பியிருந்தேன். மாமா ஒரு ஷாஃப்டை ஆட்டிக்காட்டி, “பிளே கீது, பேரிங்க மாத்தணும்” என்றார். ஆட்டம் கொடுக்கிற தளர்ச்சிதான் ‘ப்ளே’. இன்ஜின் ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பதைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன்; போலீஸ் வண்டியை ‘சீஸ்’ பண்ணுவதும் அதே சொல்தான் என்று எழுத்துக்கூட்டிப் படித்தபோதுதான் தெரிந்தது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: ஆங்கிலச் சொல், பள்ளிப் புத்தகச் சொல், பட்டறைச் சொல். ‘த்ரெட்’ என்றால் புரி, மாமாவுக்கு மரை. ‘அடியபேட்டிக்’ என்று மிரட்டிய சொல், பள்ளிப் புத்தகத்தில் ‘வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு’ என்று தன் அர்த்தத்தைத் தானே சொல்லிக்கொண்டு இருந்தது.

சொல்லைவிட வாக்கியம்தான் கஷ்டம். நாம் ‘சிலிண்டருக்குப் போகும் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் வால்வு’ என்று அடைமொழியை எல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில் வால்வுக்கு வருவோம். ஆங்கிலம் வால்வை முதலில் வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். நீள வாக்கியத்தில் முதலில் வால்வையும், அதற்குரிய முக்கிய வினையையும் தேடிக் கோடு போடுவேன். நடுவில் இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்வேன். ஆனால் பெயர்ச்சொற்கள் வரிசையாக நின்றால் நம் வழக்கமேதான். ‘தண்ணீர் லாரி டிரைவர்’ என்றால் ஆள் டிரைவர். ‘ஃப்யூயல் பம்ப் கேஸ்கெட்’ என்றால் பொருள் கேஸ்கெட். கடைசிச் சொல்லைப் பிடித்தால் போதும். இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

கேள்வித்தாளையும் தனியாகப் படித்தேன். ‘ஸ்டேட்’ என்பது எனக்கு மாநிலம். தெர்மோடைனமிக்ஸில் அது வாயுவின் நிலை. ‘ஸ்டேட் த ஃபர்ஸ்ட் லா’ என்றால் விதியைக் கூறு. ‘நெக்லெக்ட்’ என்றால் கணக்கில் சேர்க்காதே. பாதுகாப்புக் குறிப்புகளில் ‘வார்னிங்’ என்று போட்டால் உயிர் போகவோ பலத்த காயம் படவோ கூடும். ‘காஷன்’ என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம். தமிழில் இரண்டையும் எச்சரிக்கை என்றே படித்துப் பழகியிருந்தேன். மாமாவிடம் இதைச் சொன்னபோது கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில்தான் கடைசிவரை நடுக்கம். ‘லேத் என்றால் என்ன’ என்று கேட்டபோது முதலில் ‘அது ஒரு இயந்திரம்’ என்று இனத்தைச் சொன்னேன். பிறகு வேலைப்பொருளைச் சுழற்றி உளியால் சீவுவது என்று வேறுபாட்டைச் சேர்த்தேன். மூன்று சின்ன வாக்கியம். இலக்கணம் ஓரிடத்தில் இடறியது. கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அரியர் தேர்வில் ஒவ்வொரு ‘பை’யையும் ஒவ்வொரு ‘டு’வையும் வட்டமிட்டுவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். பாஸானேன். இப்போது எங்கள் தெருவிலிருந்து இரண்டு முதல் வருடப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை என்னோடு காசிமேட்டுக்கு வருகிறார்கள். நோட்டு அவர்களிடம்தான் இருக்கிறது. மூன்றாம் பத்தியை மாமா சொல்லச் சொல்ல அவர்களே எழுதுகிறார்கள்.