சமாரியா கிராமத்தில் ஒரு ஆடு

பாழடைந்த கல்வீட்டு வாசலில் கிரி-கிரி என்ற காட்டு ஆடு ஒன்று நின்றிருந்தது. பழுப்பு உடம்பு, பின்னால் வளைந்த கொம்பு. எங்களைப் பார்த்தும் அசையவில்லை.

கிரேக்க நாட்டு கிரீட் தீவின் சமாரியா பள்ளத்தாக்கு. மலையிலிருந்து கடல்வரை 16 கிலோமீட்டர் இறக்கம். முழங்கால் கெஞ்சுகிறது.

'இரும்புக் கதவுகள்' என்ற இடத்தில் இரண்டு பக்கப் பாறையும் நெருங்கி வந்து நாலு மீட்டர்தான் வழி விடுகிறது. உயரமோ கிட்டத்தட்ட 300 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கீற்று.

ஆனாலும் மனசு அந்த வீட்டை விட்டு நகரவில்லை.

1962-இல் இந்த ஆட்டைக் காக்கப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்கியபோது சமாரியா கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். ஆடு பிழைக்க வேண்டும்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இந்தக் காட்டு ஆட்டினம் வேறெங்கே போகும்? ஆனால் அதே மலையில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே.

கீழே கடலோர ஊரான ஆயியா ருமேலியிலிருந்து வெளியேற சாலை கிடையாது, படகுதான். அதைப் பிடிக்கும் அவசரத்தில் பலர் சமாரியா கிராமத்தைத் தாண்டி ஓடுகிறார்கள். நீங்கள் போனால் அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.