இறவாரம் இல்லாத வீட்டில் இரண்டு இரவுகள்

படத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். தெற்கு போலந்தில் தாத்ரா மலையடிவாரத்து ஊரான சகோபனேயில் தங்குவதற்கு வீடு தேடியபோது, கறுப்பு நிறத்தில், செங்குத்தான கூரையோடு, ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடியாக ஒன்று கண்ணில் பட்டது. வெளியே மரத்தளம், நடுவில் கணப்புச் சட்டி, சுற்றிலும் நாற்காலிகள். போலந்தில் இப்போது இந்த வகை வீட்டுக்கு ஏக மவுசு. 'நவீன ஸ்தோடோவா' என்கிறார்கள். ஸ்தோடோவா என்றால் வைக்கோலும் தானியமும் போட்டுவைக்கும் களஞ்சியம்.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தாத்ராவில் கோடை மழைக்கு நேரம் காலம் கிடையாது. அப்போதுதான் கவனித்தேன், அந்த வீட்டுக்கு இறவாரமே இல்லை. கூரை சுவரின் விளிம்போடு மழித்துவிட்டதுபோல நின்றுவிடுகிறது. கூரைத் தண்ணீர் குழாய்க்குள் ஒழுங்காகப் போய்விடுகிறது. ஆனால் சாரலைத் தடுக்க ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்தால் மழை வீட்டுக்குள் வந்துவிடும். வாசலில் கழற்றி வைத்த செருப்பு மிதந்தது. 'வெளிப்புற வாழ்க்கை' என்று விளம்பரத்தில் போட்டிருந்த அந்த மரத்தளத்தை இரண்டு நாளும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பஸ் பிடித்து ஹோஹோவுஃப் கிராமத்துக்குப் போனேன். சகோபனேயிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர். சாலையின் இருபுறமும் மரவீடுகள், அதுவும் வெறும் பலகை வீடுகள் அல்ல. பருத்த மரத்தடிகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சில வீடுகளில் நான்கைந்து தடிகளிலேயே ஒரு சுவர் முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு ஃபிர் மரத்தை வெட்டிக் கட்டியது என்று ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள். மூலைகளில் தடிகள் மீன்வால் வடிவில் செதுக்கப்பட்டு ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன.

சுவரின் நிறம்தான் முதலில் பிடிபடவில்லை. பழைய மரம் வெயிலிலும் மழையிலும் சாம்பல் பூத்துக் கறுத்திருக்க வேண்டும். இங்கே தேன்நிறத்தில், இப்போதுதான் இழைத்ததுபோல இருக்கிறது. காரணம் எளிது: ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஈஸ்டர் போன்ற பண்டிகைக்கு முன்னால், வெளிச்சுவரைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவுகிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது தெரியும். வீட்டைக் குளிப்பாட்டுவதை இங்கேதான் கேள்விப்பட்டேன்.

ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி நின்று பார்த்தேன். இரண்டு தடிகளுக்கு இடையிலான இடுக்கில் கயிறு போல ஏதோ ஓடுகிறது. தொட்டால் சொரசொரவென்று இருந்தது. மெல்லிய மரச்சீவல்களை முறுக்கிப் பின்னிய திரி. விறகு அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் நான் தடவுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து, கைக்கோடரியின் பின்பக்கத்தால் அந்தத் திரியை மெல்லத் தட்டி உள்ளே தள்ளிக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குப் போலிஷ் தெரியாது. ஆனாலும் பாடம் புரிந்தது. மரம் காய்ந்து சுருங்கும்போது இடுக்கு விரியும். மறுபடி தட்டினால் அடைந்துவிடும். குளிர்காற்று புகாது. முன்காலத்தில் பாசியை வைத்து அடைத்தார்களாம்.

1846இல் ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கலகத்தின் நினைவாக ஒரு பழைய வீட்டை இங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கலகத்தைவிட வீட்டைப் பார்க்கத்தான் உள்ளே போனேன். மலைநாட்டு வீடுகளின் அமைப்பு இதுதான்: நடுவில் நடை, ஒரு பக்கம் 'கறுப்பு அறை', மறுபக்கம் 'வெள்ளை அறை'. கறுப்பு அறையில் அடுப்பு, சமையல், படுக்கை, அன்றாடப் பாடு எல்லாம். புகைபோக்கி இல்லாத காலத்தில் புகை படிந்து சுவர் கறுத்துப்போனதால் அந்தப் பெயர். வெள்ளை அறை விருந்தினருக்கும் விசேஷங்களுக்கும். கூரையைத் தாங்கும் பெரிய உத்திரத்துக்கு 'சொஸ்ரெம்ப்' என்று பெயர். அதில் ஆறிதழ்ப் பூவும், கட்டிய ஆண்டும், பல வீடுகளில் ஆசாரியின் பெயருமே செதுக்கப்பட்டிருக்கும்.

இதையெல்லாம் பார்த்து முதலில் 'நவீன வீடு' கட்டியவர் ஸ்தானிஸ்வாவ் வித்கியேவிச். ஓவியர், விமர்சகர், காசநோய்க்காக மலைக்காற்றைத் தேடி வந்தவர். அப்போது சகோபனேயில் பணக்காரர்கள் சுவிஸ் பாணியில் பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆசாரிகள் கையில் இத்தனை இருக்க இரவல் எதற்கு என்று அவர் சண்டை பிடித்தார். 1892-93இல் கட்டப்பட்ட 'கோலிபா' அந்தச் சண்டைக்குப் பதில். கோலிபா என்றால் இடையர் குடிசை. மாளிகைக்கு அப்படிப் பெயர் வைத்ததில் கொஞ்சம் குசும்பும் இருக்கிறது. இன்று அது, அவர் உருவாக்கிய 'சகோபனே பாணி'க்கான அருங்காட்சியகம்.

அவர் உழவர் வீட்டை அப்படியே நகல் எடுக்கவில்லை. கல் அடித்தளத்தை உயர்த்தினார், கூரைக்குள் மாடி அறைகளை வைத்தார், வராந்தா சேர்த்தார். வராந்தாவுக்குப் போலிஷிலும் 'வெராண்டா'தான். நம் ஊர்ப் பக்கமிருந்து கப்பலேறிய சொல், காசநோயாளிகள் கம்பளி போர்த்திக்கொண்டு காற்று வாங்கும் இடத்துக்குப் பெயராகிவிட்டது. ஆனால் இறவாரத்தில் அவர் கை வைக்கவில்லை. கோலிபாவின் மரஓட்டுக் கூரை சுவரைத் தாண்டித் தாராளமாக நீண்டிருக்கிறது. பனிக்கும் மழைக்கும் நடுவே மரச்சுவரைக் காப்பாற்றுவது அதுதான்.

கடைசி இரவுக்குப் பக்கத்துக் கோஷ்சியெலிஸ்கோவில் வேறு வீடு பிடித்தேன். இதுவும் புதியதுதான், இதிலும் தெற்கே பார்த்த பெரிய கண்ணாடி இருந்தது. ஆனால் சுவர் தடிமரம், இடுக்குகளில் அதே மரச்சீவல் திரி. கூரை கண்ணாடியைத் தாண்டி வெளியே நான்கடி நீண்டு, அதன் கீழே ஒரு நீள பெஞ்சு. வீட்டுக்கார அம்மா புகைபோட்ட ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை நெருப்பில் வாட்டி, புளிப்புப் பழ ஜாமோடு தட்டில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வழக்கம்போல மழை. கால் நீட்டினால் பெருவிரல் நனையும் தூரத்தில், கல்தரையில் ஒரு நேர்கோடு போட்டதுபோலத் தண்ணீர் விழுந்தது. செருப்பைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கழற்றி வைத்தேன். விடிந்து பார்த்தபோது காய்ந்தே இருந்தது.