ஜூலியின் இடுப்பு வலியும் அம்மாவின் அரை மாத்திரையும்

ஜூலி எங்கள் வீட்டு லாப்ரடார். ஒன்பது வயது. போன மார்கழியில்தான் முதலில் கவனித்தேன். காலையில் எழுந்ததும் பின்னங்கால்களை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு பத்தடி நடப்பாள், அப்புறம் சரியாகிவிடும். அம்மா, "வயசாச்சுல்ல, எனக்கு மட்டும் எப்படி இருக்காம்?" என்றார். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். இருவரும் ஒரே நேரத்தில் முனகிக்கொண்டே எழுந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, வேறொன்றும் செய்யவில்லை.

ஒருநாள் வாசலின் மூன்று படி ஏறமுடியாமல் நின்றுவிட்டாள். அன்று நான் செய்ததுதான் இதை எழுதவே காரணம். அம்மாவின் மருந்து டப்பாவிலிருந்து டைக்லோஃபினாக் வலி மாத்திரையை எடுத்து, பாதியாக உடைத்து, இட்லிக்குள் வைத்துக் கொடுத்தேன். காலையில் அரை, இரவில் அரை, இரண்டு நாள். நடை கொஞ்சம் தேறியதும் எனக்குப் பெருமை வேறு. அம்மா தன் பங்குக்கு வலித் தைலத்தைத் தொடையில் தேய்த்துவிட்டார். அதை ஜூலி முழுக்க நக்கித் தீர்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிகாக்‌ஷன் நிறத்தில் வாந்தி. மலம் தார் மாதிரி கறுப்பு. அப்போதுதான் பயம் வந்தது. ஓர் ஆம்னி வேனைப் பிடித்து, கடலூரிலிருந்து பாண்டிச்சேரி குரும்பாப்பேட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "வீட்ல ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?" என்றுதான். பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அவர் விளக்கியது இது. டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாயின் உடம்பு தாங்காது. வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும், சிறுநீரகமும் அடிபடலாம். "பாராசிட்டமால்கூட எங்களைக் கேக்காம குடுக்காதீங்க சார்." தைலத்தில் இருக்கும் கற்பூரமும் மற்ற சரக்குகளும் நக்கினால் நஞ்சு. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலித்து நாய் நொண்டும், அதற்கு மருந்தே வேறு என்றார். ஜூலிக்கு அது இல்லை. வெறும் வயசு என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம், அது வேறாகவும் இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

இனி வருவதுதான் கஷ்டம். நாய்க்கென்றே தரும் வலிமருந்தை உடனே தொடங்க முடியாது என்றுவிட்டார். ஒரு வலிமருந்தின் மேல் இன்னொன்று விழுந்தால் புண் இன்னும் மோசமாகும். முதலில் வயிறு ஆற வேண்டும். வயிற்றுக்கு மருந்தும், வலியை ஓரளவு மட்டுப்படுத்த வேறு வகை மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் தூங்கி வழிந்தாள். மற்றபடி வயிறு ஆற ஆன பத்து நாளும் நம் கைவேலைதான்.

சுடுநீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, முதலில் என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பேன். எனக்கு இதமாக இருந்தால் அவளுக்கும் இதம். இடுப்பிலும் தொடையிலும் பத்துப் பதினைந்து நிமிடம். மூட்டு புதிதாக வீங்கிச் சூடாக இருந்தால் ஒத்தடம் கூடாது, துணியில் சுற்றிய ஐஸ்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஒத்தடத்துக்குப் பிறகு தொடைச் சதையை உள்ளங்கையால் மெல்ல நீவிவிடுவேன். மூட்டின் மேல் அழுத்தமாட்டேன். காது பின்னால் போனாலோ, உதட்டை நக்கினாலோ, தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். நாய் வலி என்று கத்துவது கடைசிக் கட்டத்தில்தான்.

ஆனால் என் கணக்கில் மருந்தைவிடப் பெரிய வில்லன் எங்கள் டைல்ஸ் தரை. எழும்போது பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கி விரியும், ஒவ்வொரு தடவையும் அந்த இடுப்பே இழுபடும். இத்தனை வருடம் தினமும் பார்த்த காட்சி. முதலில் தென்னை நார்ப் பாயைப் போட்டேன், பாயே வழுக்கியது. அப்புறம் அடியில் ரப்பர் உள்ள விரிப்பை வாங்கி, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை ஒரு பாதையாகப் போட்டேன். நகத்தையும் உள்ளங்கால் மெத்தைகளுக்கு இடையே வளர்ந்த முடியையும் வெட்டினோம். படியில் பலகையைச் சாய்த்து வைத்து மேலே கோணிச் சாக்கை ஆணியடித்தேன். வெறுந்தரைக்குப் பதில் பழைய இலவம்பஞ்சு மெத்தை. நான்கைந்து நாளில் எழுந்திருக்கும் முனகல் குறைந்தது.

எடைதான் இழுபறி. 38 கிலோ இருந்தாள். தெரிந்தவர் அரிசி மண்டித் தராசில் மாதம் ஒருமுறை எடை பார்ப்பேன், மூட்டைக்கு நடுவே கம்பீரமாக உட்கார்ந்திருப்பாள். தயிர்சாதம் நிறுத்தி, தீனியை டம்ளரால் அளந்து போட்டோம். உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்த மத்தி மீன் வாரம் இரண்டு நாள். ஐந்து மாதத்தில் 33 கிலோ. அம்மா ரகசியமாகப் பிஸ்கட் போடாமல் இருந்திருந்தால் இன்னும் முன்பே குறைந்திருக்கும்.

ஞாயிறன்று சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் பந்து எறிவதையும் விட்டுவிட்டோம். வாரம் முழுக்கப் படுத்துவிட்டு ஒரே நாளில் ஓடுவதுதான் மூட்டுக்குக் கேடாம். இப்போது தினமும் மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம், கயிற்றோடு. கடற்கரைக்குப் போனாலும் கால் புதையும் மணலில் இல்லை, அலை வந்துபோன ஈர மணலில்.

வயிறு ஆறிய பிறகு, நாய்க்கான வலிமருந்தான மெலாக்சிகாம் சிரப் தொடங்கினார்கள். எடைக்கு ஏற்ற அளவு, சாப்பிட்ட பிறகுதான். வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே போன் செய்யச் சொன்னார்கள். பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ ஒத்தடம் அது இது என்று வீட்டில் நேரம் கடத்தாதீர்கள் என்பதையும் இரண்டு முறை சொன்னார். எடை இறங்கிய பிறகு மருந்தின் அளவைப் பாதியாக்கினார்கள்.

மழைக்காலத்துக் காலைகளில் இன்னும் சிரமப்படுகிறாள். வேனில் ஏற்றும்போது அம்மாவின் பழைய நூல்புடவையை மடித்து வயிற்றடியில், பின்னங்கால்களுக்கு முன்னால் கொடுத்துத் தூக்குகிறோம். முன்னங்காலை அவளே வைத்துவிடுவாள். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். புடவையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார் அம்மா. அவருடைய மருந்து டப்பா இப்போது பீரோவில், பூட்டுக்குள்.