ரெய்க்யாவிக்கில் முதல் சம்பளம் கைக்கு வரும் வரை

ஐஸ்லாந்தில் வேலை உறுதியானதும் வேலை அனுமதிக்கும் இருப்பிட அனுமதிக்கும் ஒன்றாகவே விண்ணப்பித்தோம். முன்னதைத் தொழிலாளர் துறை தருகிறது, பின்னதைக் குடியேற்றத் துறை. இதற்கு நடுவில் என் வேலை ஒப்பந்தம் தொழிற்சங்கத்தின் பார்வைக்கும் போனது. நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி என்று ஒரு தொகை கிடையாது. ஒவ்வொரு தொழிலிலும் சங்கமும் முதலாளிகள் தரப்பும் பேசி முடித்ததுதான் அடிமட்டச் சம்பளம். வெளியாளைக் குறைந்த கூலிக்கு இறக்கி உள்ளூர்க்காரர் சம்பளத்தை யாரும் உடைக்காமல் இருக்க இந்தச் சோதனை. என்னைக் கேட்டால், நாலு லட்சம் பேர்கூட இல்லாத அந்தத் தீவில் சம்பளம் உயர்ந்து நிற்க முக்கியக் காரணமே இந்தச் சங்கங்கள்தான்.

அனுமதி வந்தபின் கென்னிதாலா கிடைத்தது. பத்து இலக்க அடையாள எண். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. வங்கிக் கணக்கு, சம்பளம், வரி எல்லாம் அந்த எண்ணில்தான். அடுத்து, பாஸ்போர்ட்டோடு நேரில் போய் செல்பேசியில் மின்னணு அடையாளம் வாங்க வேண்டும். அது இல்லாமல் அரசு இணையதளத்தில் ஒன்றும் நகராது. இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்துவிடுகிறது.

சம்பளச் சீட்டைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. வருமான வரி முதல் படியிலேயே 31 சதவீதத்துக்கு மேல். ஆனால் ஒவ்வொருவருக்கும் மாதம் 60,000 குரோனாவுக்கு மேல் வரித் தள்ளுபடி உண்டு. நாமாகச் சொன்னால்தான் கம்பெனி அதைக் கழிக்கும். சேர்ந்த அன்றே சொல்லிவிடுங்கள். ஓய்வூதிய நிதிக்கு நம் பங்கு 4 சதவீதம், முதலாளி போடுவது 11.5. அப்புறம் சங்கச் சந்தா. அதை வீண் பிடித்தம் என்று நினைக்க வேண்டாம். நீண்ட நாள் உடம்புக்கு முடியாமல் போனால் சங்கத்தின் நோய்க்கால நிதி கைகொடுக்கும். ஐஸ்லாந்து மொழி வகுப்புக்கு நான் கட்டிய பணத்தில் பெரும்பகுதியைச் சங்கத்தின் கல்வி நிதியே திருப்பித் தந்தது.

வீட்டுக்கடன் பற்றி விசாரித்தபோதுதான் குரோனாவின் இன்னொரு முகம் தெரிந்தது. 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அதன்பின் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வந்த கட்டுப்பாடுகள் 2017 வரை நீடித்தன. விலைவாசியோடு இணைத்த கடன்கள் அங்கே இன்னும் உண்டு. தவணை தவறாமல் கட்டினாலும், விலை ஏறினால் அசலும் ஏறும். விலை ஏற்றம் 10 சதவீதத்தைத் தொட்ட 2023இல் இப்படிக் கடன் வாங்கியவர்கள் பட்ட பாட்டைக் கேட்டபின், வாடகை வீடே போதும் என்று முடிவு செய்தேன்.

அனுமதியைப் புதுப்பிக்க, அது காலாவதியாவதற்கு நாலு வாரத்துக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். அப்போது சம்பளச் சீட்டுகளும் தேவைப்படலாம், ஒன்றையும் தொலைக்காதீர்கள்.