29 டிகிரியில் கொதிக்கும் திரவமும் ஸ்டோர்ஸில் கழிந்த மூன்று நாள்களும்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய இரத்தத்தில் செலுத்துவதற்கான, வெப்பம் பட்டால் குமிழியாக மாறும் நுண்துளிகளைத் தயாரிக்கப் பெர்ஃப்ளுவோரோபென்டேன் என்ற திரவத்தைத் தருவிப்பவர்கள், பொருள் வந்த அன்றே அதைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்பதைக் கிட்டத்தட்டப் பாதிக் குப்பியை இழந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதன் கொதிநிலை 29 டிகிரி செல்சியஸ். சென்னையின் மே மாத வெயில் காலை எட்டு மணிக்கே அந்த அளவைத் தாண்டிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் பார்சல் வந்தது. ஆய்வு வழிகாட்டியின் கையொப்பமும் பாதுகாப்புத் தகவல் தாளின் நகலும் இல்லாமல் தர இயலாது என்று, எங்கள் நிறுவனத்துக்கு வரும் பொருள்களை வாங்கி வைக்கும் ஸ்டோர்ஸின் எழுத்தர் மறுத்துவிட்டார். வழிகாட்டியோ வெளியூரில் இருந்தார். குளிர்பெட்டியிலாவது வையுங்கள் சார் என்று கெஞ்சினேன். "பதிவேட்டில் ஏற்றாத பொருளை எங்கும் வைக்க முடியாது தம்பி, திங்கட்கிழமை வாங்க" என்றார். திங்கட்கிழமை தராசில் வைத்தபோது, 10 கிராம் இருக்க வேண்டிய குப்பியில் 6 கிராமுக்கும் குறைவாகவே இருந்தது. மீதி மூடியிடுக்கின் வழியே ஆவியாகப் போயிருந்தது. ஆகவே ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே அந்த இரண்டு தாள்களையும் ஸ்டோர்ஸில் கொடுத்து, பார்சலின் வெளியே "குளிரில் வைக்கவும்" என்று ஒட்டச் சொல்லிவிடுங்கள்.

எஞ்சியதில் செய்த முதல் தொகுதியும் வீணானது, அது என் தவறு. துளியைச் சுற்றி உறையாக அமையும் டிபிபிசி என்ற கொழுப்புப் பொருள் (லிப்பிடு) 41 டிகிரிக்கு மேல்தான் இளகும் என்பதால், சூடான லிப்பிடுக் கரைசலிலேயே திரவத்தை ஊற்றினேன். நுரை பொங்கி அடங்கியபோது துளி எதுவும் மிஞ்சவில்லை. லிப்பிடை முதலில் சூட்டில் கரைத்து, ஐஸில் நன்றாகக் குளிர்வித்து, அதன் பிறகே திரவத்தைச் சேர்க்க வேண்டும். ஒலியதிர்வால் திரவத்தை நுண்துளிகளாக உடைக்கும் சோனிகேட்டரையும் விட்டு விட்டு இயக்க வேண்டும், ஏனெனில் அதன் முனையே கரைசலைச் சூடாக்கிவிடும்.

இரண்டாம் தொகுதி நின்றது. துளி சிறுக்கச் சிறுக்க அதன் பரப்பு இழுவிசை உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துகிறது. அதனால்தான் 29 டிகிரியில் கொதிக்க வேண்டிய திரவம் உடல் வெப்பத்திலும் திரவமாகவே தாங்குகிறது. சில நிமிடங்களில் கரைந்துவிடும் சாதாரண வாயுக் குமிழியைவிட இது இரத்தத்தில் நெடுநேரம் நிற்கும் என்பதே இத்தனை பாடுபடுவதற்கும் காரணம். நுண்ணோக்கியின் அடியில் 37 டிகிரியில் அசையாமல் கிடந்த துளிகள், சூட்டை மேலும் ஏற்றியபோது ஒவ்வொன்றாக ஏறத்தாழ ஐந்து மடங்கு விட்டத்துக்கு உப்பிக் கறுப்பு விளிம்புடன் எழுந்தன. மறுநாள் உடல் திசுவுக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டிக்குள் வைத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தபோது, அதுவரை மங்கலாக இருந்த திரையில் வெண்புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. எழுத்தரிடம் நின்ற அந்த மதியத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.