மூணும் நாலும் ஒட்டும்

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 10 காம்பரா (அறை). எங்களுடையது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம், கடைசி. மார்கழி பிறந்தால் அம்மா இருட்டிலேயே எழும்பி, இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) முன்னால் சாணி தெளித்து, விறைத்துப்போன விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே புள்ளி வைப்பார். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போகுமுன் கோலம் முடிந்தாக வேண்டும். கொழுந்து எடுக்க மலைக்கு ஏறத் தாமதமானால் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டிவரும். அதனால் அம்மாவின் கை நின்று யோசித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு 8 வயதிருக்கும். அம்மாவைப் போலவே கையெடுக்காமல் ஒரே இழையில் சிக்குக் கோலம் போட ஆசை. 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகப் புகுந்து, ஓரத்துப் புள்ளியைச் சுற்றித் திரும்பி, அப்படியே போனேன். கொஞ்ச தூரத்திலேயே கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து மூடிக்கொண்டது. சுற்றாத பக்கங்கள் நிறைய மிச்சம். அழித்துவிட்டு வேறு புள்ளியில் தொடங்கினேன். அதே கதை. மூன்றாம் தடவை அழ ஆரம்பித்ததும் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"மூணும் மூணும் ஒட்டாது புள்ள. மூணும் நாலும் வச்சுப் பாரு, ஒட்டும்."

ஒரு வரிசையைக் கூட்டி 3-க்கு 4 வைத்தேன். கோடு எல்லாப் புள்ளியையும் நாலு பக்கமும் தழுவிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலையின் குளிர் இப்போதும் விரலில் இருக்கிறது.

இன்று மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். இரண்டு எண்களையும் மிச்சமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்ணான பொதுக் காரணிகளுட் பெரியது, அதாவது பொ.கா.பெ., படிப்பிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் எதற்கு இது என்று முகத்தாலேயே கேட்பார்கள். ஒரு நாள் கரும்பலகையில் 4, 6 என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது அம்மாவின் "ஒட்டாது" காதில் விழுந்தது. அன்று இரவு கொப்பியில் புள்ளி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 2-க்கு 3, ஒரே இழை. 2-க்கு 4, இரண்டு இழை. 3-க்கு 3, மூன்று. 4-க்கு 6, இரண்டு. 5-க்கு 7, ஒன்று. செவ்வகமாகப் புள்ளி அடுக்கி இப்படிப் பின்னும்போது எத்தனை இழை வரும் என்பது அந்த இரண்டு எண்களின் பொ.கா.பெ.தான். அம்மா 'ஒட்டும்' என்று சொன்ன சோடிகளுக்கு 1-ஐ விட்டால் பொதுக் காரணி கிடையாது.

காரணமும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. கோடு கேரம் பலகையில் ஓடும் காய் மாதிரி; சாய்வாகப் போய் ஓரத்தில் பட்டுத் திரும்பும். குறுக்கே போய்வரும் சுற்றுகளும் நெடுக்கே போய்வரும் சுற்றுகளும் முதல் தடவையாகச் சேர்ந்து முடிகிற இடத்தில்தான் அது மூடிக்கொள்ளும். அது பொது மடங்குகளுட் சிறியது, அதாவது பொ.ம.சி. 4-க்கும் 6-க்கும் பொ.ம.சி. 12. ஒரு புள்ளிக்கு நாலு பக்கம் என்றால், 12 புள்ளிக்குச் சமமான 48 பக்கங்களைத் தொட்டதும் இழை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் புள்ளிகள் 24, பக்கங்கள் 96. மிச்சப் பாதிக்கு இன்னொரு இழை வேண்டும். 3-க்கு 4-இலோ புள்ளிகளும் 12, பொ.ம.சி.யும் 12. எதுவும் மிஞ்சாது. இரண்டு எண்களின் பெருக்கம் அவற்றின் பொ.கா.பெ., பொ.ம.சி. இரண்டின் பெருக்கத்துக்குச் சமம் என்று நான் வருடா வருடம் எழுதிப்போட்ட அதே விதி, சாணி தெளித்த வாசலில் கிடந்திருக்கிறது.

 

கோலத்தைக் கணிதமாக முதலில் பார்த்தது நானில்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களை வைத்து, படங்களை விதிகளால் உருவாக்கும் இலக்கணங்களை ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே கோடு இழுப்பது வழக்கமாக இருந்தது. அதற்குச் சோனா என்று பெயர். மொசாம்பிக்கின் கணித அறிஞர் பவுலஸ் கெர்டெஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பாய் முடைவது போல் பின்னும் சோனாக்களிலும் இதே பொ.கா.பெ. கணக்குத்தான். கடல் தாண்டி எங்கோ ஒரு கிழவர் மணலில் கண்டதும் என் அம்மா கோலமாவில் கண்டதும் ஒன்று என்று அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சின்ன வயதில் எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்.

போன விடுமுறையில் அம்மாவிடம் 4-க்கு 6 வைத்துக் காட்டி, "இது ஒட்டாதுதானே?" என்றேன்.

"ஒட்ட வச்சாப் போச்சு" என்றார்.

இரண்டு இழைகளும் ஒன்றையொன்று வெட்டும் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழித்தார். வெட்டிக்கொண்டு போன இடத்தில் இப்போது இரண்டு வளைவுகள், முதுகும் முதுகுமாக. "இங்க வர்ற இழை அதோட போகாம இதோட போயிரும்." சுற்றிப் பார்த்தேன். ஒரே இழை. வேறு வேறு இழைகள் சந்திக்கும் எந்த இடத்தில் இப்படித் திருப்பிவிட்டாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். அம்மாவுக்கு அந்த இடம் பார்த்ததும் தெரிகிறது. எனக்கு இன்னும் விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

போன கிழமை வகுப்பறைச் சீமெந்துத் தரையில் 6-க்கு 9 வைத்தோம். மூன்று இழை, மூன்று நிற வெண்கட்டி. ஒருத்தி நீலமும் நீலமும் வெட்டும் இடத்தை அழித்துத் திருப்பினாள், இழை குறையவில்லை. கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தாள். பிறகு நீலமும் சிவப்பும் வெட்டும் இடத்தில் ஒன்று, சிவப்பும் மஞ்சளும் வெட்டும் இடத்தில் ஒன்று. ஒட்டிவிட்டது.

எழும்பி, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப ஒம்பதுக்கு ஒம்பது வச்சா எட்டு எடத்துல அழிக்கணுமா டீச்சர்?"

வெண்கட்டிப் பெட்டியை அவளிடம் கொடுத்தேன்.